கணக்காயர் அலுவலகத்தில் ஒரு தியான அறை

சென்ற மாதம், நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்கென ஒரு பயிலரங்கம் நடைபெற்றது. பொருள்: மன அழுத்த மேலாண்மை. பயிற்றுநர் எங்களைக் கண்மூடி அமரச் செய்து, இருபது நிமிடம் மூச்சின் வரவையும் போக்கையும் கவனிக்கச் சொன்னார். அந்த இருபது நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. விளக்கு போட்டபின் கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, தமக்கு ஐந்து மாதமாக உதவித்தொகை வரவில்லை என்றும், அதற்கும் இதே பயிற்சிதானா என்றும் கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தனர். பயிற்றுநர் சிரிக்கவில்லை. அது தம் பொருளுக்கு உட்பட்டதன்று என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு வினா என்னைத் தொடர்ந்தது. அந்த மாணவியின் கேள்வி தியானத்தின் பொருளுக்கு வெளியே போனது எப்போது? தொடக்கத்திலிருந்தே வெளியேதான் இருந்ததா, இல்லை வழியில் யாராவது வெளியேற்றினார்களா? நானும் மூன்றாண்டுகளாக நாள்தோறும் காலையில் அமர்ந்து வருபவர்களில் ஒருவர் என்பதால், இது எனக்கு வெறும் கல்விசார் வினா அன்று. அதற்கு விடை தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1

மொழியியல் படித்தவர்களுக்குரிய பழக்கத்தின்படி முதலில் சொற்களைப் பார்த்துவிடுகிறேன்.

‘அழுத்தம்’ நமக்குப் புதிய சொல்லன்று. ‘நெஞ்சழுத்தம்’ என்ற தொடரை இன்றும் மூத்தோர் வாயில் கேட்கலாம். எளிதில் மனம் இளகாதவரை, உள்ளே இருப்பதை வெளிக்காட்டாதவரை, ‘அழுத்தமான ஆள்’ என்கிறோம். அங்கே அழுத்தம் என்பது ஒருவருடைய இயல்பு. சில வேளைகளில் அது உறுதி என்ற நற்பொருளையும் தரும். இன்றைய ‘மன அழுத்தம்’ அப்படியன்று. அது ஒருவர்மேல் வந்து அமர்வது. ஒரே சொல்லில் விசையின் திசை மாறியிருக்கிறது. அழுத்துவது யார், அழுந்துவது யார் என்பதைத் தொடர் சொல்வதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. செய்தித்தாள்களில் ‘மன அழுத்தம்’ என்பது ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் ஆகிய இரண்டுக்கும் வழங்குகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் படபடப்பும், மாதக்கணக்கில் நீடித்து உயிருக்கே ஊறு செய்யக்கூடிய மனச்சோர்வு நோயும் ஒரே பெயரில் உலவுகின்றன. பெயர் ஒன்றானால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. மூச்சைக் கவனி என்று முதலாமவருக்குச் சொல்வது நல்ல அறிவுரை. இரண்டாமவருக்கு அதை மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்து.

அடுத்து ‘தியானம்’. வடமொழியில் த்யான, பாலியில் ஜான, சீனத்தில் சான், ஜப்பானியத்தில் ஜென்: ஒரே சொல்லின் நெடும்பயணம் இது. ஆனால் இன்றைய மன அழுத்தப் பயிற்சிகளின் மையத்தில் இருப்பது இச்சொல் அன்று. ‘சதி’ என்ற பாலிச் சொல். வடமொழி ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவம் அது. நேர்ப்பொருள், நினைவு. இலங்கையில் ஆட்சிப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881 இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை இட்டார். இன்று உலகெங்கும் புழங்கும் சொல் அதுவே. நினைவைக் குறிக்கும் சொல் எப்படி விழிப்புணர்வைக் குறிக்க முடியும் என்று ஆங்கில வாசகர் தடுமாறக்கூடும். தமிழருக்கு அத்தடுமாற்றம் வேண்டியதில்லை. மயக்கமுற்றவரை ‘நினைவு தப்பியது’ என்கிறோம். தெளிந்தால் ‘நினைவு திரும்பியது’ என்கிறோம். நினைவு என்ற நம் சொல் கடந்ததை மனத்தில் கொள்வதையும், இப்போது விழித்திருப்பதையும் ஒருசேரக் குறிக்கிறது. இச்சொல்லுக்கு இறுதியில் திரும்ப வருவேன்.

2

பௌத்த தியானம் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்று பயிலரங்கங்களில் சொல்வார்கள். நூல்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இல்லறத்தார் நாள்தோறும் அமர்ந்து செய்யும் பயிற்சி என்ற அளவில், பெருந்திரளாக அது பரவியது அண்மைக்காலத்தில்தான். தேரவாத நாடுகளில் இல்லறத்தாரின் கடமைகளாகப் பெரிதும் கருதப்பட்டவை தானமும் ஒழுக்கமும் வழிபாடும். ஆழ்ந்த தியானம் துறவியர்க்கு உரியது; அவர்களிலும் சிலருக்கே கைவந்தது.

அந்த எல்லையை உடைத்த நிகழ்வுகளில் தலையாயது ஓர் அரசியல் வீழ்ச்சி. 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மண்டலே நகரைக் கைப்பற்றியது. பர்மாவின் கடைசி மன்னர் தீபா கப்பலேற்றப்பட்டு, முதலில் சென்னைக்கும் பின்னர் மராட்டியக் கடற்கரை ஊரான ரத்னகிரிக்கும் கொண்டுவரப்பட்டார். 1916 இல் அங்கேயே மறைந்தார். பர்மியருக்கு இது அரசனை இழந்த துயரம் மட்டுமன்று. பௌத்த சங்கத்தைக் காப்பது அரசனின் கடமை. அரசன் இல்லையேல் அறநெறியே அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது.

அந்த அச்சத்துக்கு விடையளித்தவர்களுள் முதன்மையானவர் லெடி சயாடோ (1846-1923). காக்க அரசன் இல்லையென்றால் மக்களே காக்கட்டும் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். அபிதம்ம நூற்பொருளை எளிய பர்மிய மொழியில் எழுதினார். ஊர் ஊராகச் சென்று இல்லறத்தாருக்குக் கற்பித்தார். தியானத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். துறவியல்லாத ஓர் உழவருக்குப் பிறரைப் பயிற்றும் பொறுப்பையும் அளித்தார். சயா தெட்ஜி (1873-1945) என்று அறியப்பட்ட அந்த உழவர், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த தம் சிற்றூரில் கற்பித்துவந்தார்.

ஆக, இல்லறத்தார் தியானம் பிறந்ததே ஒரு நெருக்கடியில்தான். ஆனால் அதைத் தனிமனிதரின் நரம்புத் தளர்ச்சியாக அன்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சமூகம் முழுவதன் நெருக்கடியாகவே பார்த்தனர்.

3

1937 ஜனவரியில், அந்த உழவர் ஆசிரியரிடம் பயிற்சி பெற ரங்கூனிலிருந்து ஓர் அரசு ஊழியர் வந்தார். பெயர் ஊ பா கின் (1899-1971). பர்மா அப்போது இன்னும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அவ்வாண்டு ஏப்ரலில்தான் பிரிந்தது. கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றபோது, அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பக்கம் இனி வருவதுதான். 1950 இல் ஊ பா கின் தம் அலுவலகத்திலேயே விபாசனா சங்கம் ஒன்றை அமைத்தார். கோப்புகளும் பேரேடுகளும் அடுக்கிய அரசுக் கட்டடத்தில், ஊழியர்கள் தியானம் கற்றனர். 1952 இல் ரங்கூனில் தனி மையம் ஒன்று எழுந்தது. குடும்பமும் வேலையும் உள்ளவர் மாதக்கணக்கில் ஒதுங்கி வாழ முடியாது என்பதால், பத்து நாளில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வீட்டில் நாள்தோறும் தொடரும் வகையில் அவர் பயிற்சியை வகுத்தார். அலுவலகப் பணியோடு இசைந்து செல்லும் அன்றாடத் தியானம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் மூல வடிவங்களுள் ஒன்று இதுவே.

ஆனால் அவர் தியானம் மட்டும் கற்பிக்கவில்லை. அவர் கடுமையான அதிகாரி. கையூட்டுக்கும் சோம்பலுக்கும் இடம் தராதவர். பிரதமர் ஊ நூ, சீர்கெட்டுக் கிடந்த அரசு வேளாண் விற்பனை வாரியத்தைத் திருத்தும் பொறுப்பை அவரிடம் கூடுதலாக ஒப்படைத்தார். ஒரே காலத்தில் பல துறைகளின் தலைமையை அவர் வகித்தார். முதலில் நிர்வாகத்தைத் திருத்துவதா, முதலில் மனத்தைத் திருத்துவதா என்ற வினா அவருக்கு எழுந்ததாகவே தெரியவில்லை. காலையில் ஊழியர்களுக்கு மூச்சைக் கவனிக்கக் கற்பித்தவரே பகலில் அவர்களுடைய கணக்கைச் சரிபார்த்தார்.

நம் மாணவியின் கேள்வி இந்த அலுவலகத்தில் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிலுவையில் உள்ள தொகையைத் தேடிப் பார்க்க வேண்டியவரும் தியான ஆசிரியரும் அங்கே ஒருவரே. ‘அது என் பொருளுக்கு உட்பட்டதன்று’ என்று சொல்லும் வசதி அவருக்கு இருந்திருக்காது.

4

1955 இல் அந்த மையத்தின் வாயிலுக்கு ஒரு வணிகர் வந்தார். மண்டலேயில் பிறந்த மார்வாரிக் குடும்பத்தவர், எஸ்.என். கோயங்கா (1924-2013). கடும் ஒற்றைத் தலைவலி அவரைப் பல்லாண்டு வாட்டியது. வலி தாங்க மார்ஃபின் ஊசி தேவைப்பட்டது. பல நாடுகளின் மருத்துவர்களைப் பார்த்தும் பயனில்லை. ஊசிக்கே அடிமையாகிவிடுவோமோ என்ற கவலை வேறு. நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஊ பா கின்னைத் தேடி வந்தார்.

வந்தவரை ஊ பா கின் ஏற்கவில்லை. தலைவலி தீர வேண்டும் என்பதற்காக வருகிறீர்கள் என்றால் இது அதற்கான இடமன்று என்று சொல்லிவிட்டார். இந்நிகழ்ச்சியைக் கோயங்கா வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். நோய் தீர்வது நிகழலாம். ஆனால் அதை இலக்காகக் கொண்டு அமர்ந்தால், ஒவ்வொரு முறையும் வலி குறைந்ததா என்று பார்ப்பதே வேலையாகிவிடும். பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. மனத்தின் மாசை நீக்குவதற்காக வருகிறேன் என்று நோக்கத்தை மாற்றிக்கொண்ட பின்னரே கோயங்காவுக்கு அனுமதி கிடைத்தது. பயிற்சிக்குப்பின் தலைவலியும் நீங்கியது என்பது அவர் கூற்று.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962 இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, தொழில்கள் நாட்டுடைமையாயின. கோயங்காவின் நிறுவனங்களும் போயின. 1969 இல், இந்தியாவில் நோயுற்றிருந்த தாயைப் பார்க்க அவருக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் மும்பையில் ஒரு சத்திரத்தில் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார். 1976 முதல் நாசிக் மாவட்டத்து மலையூரான இகத்புரி அதன் நிலையான தலைமையிடமாயிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு மணியோசை, ஏறத்தாழப் பத்து மணிநேர அமர்வு, பேச்சில்லாமை, முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், பின்னர் உடலெங்கும் எழும் உணர்ச்சிகள், கட்டணம் கிடையாது: இந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை.

இந்திய வரலாற்றில் இப்பயிற்சியின் பெருஞ்சோதனை சிறையில் நடந்தது. 1975 இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் தொடங்கிய முயற்சி, 1994 இல் தில்லியின் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருசேர அமர்ந்த முகாமாக விரிந்தது. அச்சிறையின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் கிரண் பேடி. 1997 இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று அதை உலகறியச் செய்தது. படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கண்மூடி அமர்ந்த கைதிகளையே நினைவில் கொள்கிறார்கள். அதே காலத்தில் அச்சிறையில் கைதிகள் அச்சமின்றிக் குறைகளை எழுதிப் போட ஒரு மனுப்பெட்டி கொட்டடி கொட்டடியாகச் சென்றது என்பதையும், எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன என்பதையும் மறந்துவிடுகிறோம். திகாரின் கைதிகளில் பெரும்பாலோர் தீர்ப்புக்குக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். எந்தத் தியானமும் அவர்களுடைய வழக்கை விரைவுபடுத்தாது. கண்ணை மூடவும், குறையை எழுதவும் ஒருங்கே இடம் இருந்ததுதான் அந்தச் சீர்திருத்தத்தின் வலிமை என்று நான் கருதுகிறேன்.

5

இனி வேறொரு தடம். ‘ஸ்ட்ரெஸ்’ என்பது பொறியியலுக்குரிய சொல். நம் பள்ளி இயற்பியல் நூல்களில் அதற்குத் ‘தகைவு’ என்று பெயர். வெளிவிசையால் பொருளின் உள்ளே எழுவது தகைவு. அதனால் வடிவில் நேரும் மாற்றம் ‘திரிபு’. இதை உடலுக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெறச் செய்தவர் ஹான்ஸ் செல்யே. மாண்ட்ரியலில் எலிகளை ஆராய்ந்த அவர், குளிர், காயம், நஞ்சு என எது தாக்கினாலும் உடல் ஒரே வகையான மாற்றங்களைக் காட்டுகிறது என்று 1936 இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பின்னாளில் அதற்கு ஸ்ட்ரெஸ் என்று பெயரிட்டார். தாம் உண்மையில் குறிக்க விரும்பியது திரிபையே என்றும், ஆங்கிலப் பயிற்சி போதாமல் தகைவின் பெயரை இட்டுவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். அதற்குள் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் அச்சொல்லை அப்படியே கடன் வாங்கிவிட்டன. நம் பேச்சுத் தமிழும் வாங்கிக்கொண்டது.

எது தாக்கினாலும் விளைவு ஒன்றே என்பது உடலியலில் பெருங்கண்டுபிடிப்பு. ஆனால் அதில் ஒரு சமூக விளைவும் ஒளிந்திருந்தது. விளைவு ஒன்றே என்றால், தாக்குவது எது என்று கேட்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. இந்த வசதியைப் புகையிலைத் தொழில் விரைவில் கண்டுகொண்டது. இதய நோய்க்குக் காரணம் சிகரெட் அன்று, வாழ்க்கையின் இறுக்கமே என்று வாதிட அதற்கு இக்கருத்துப் பயன்பட்டது. அத்தொழிலிடமிருந்து செல்யே ஆய்வு நிதி பெற்றதையும், 1969 இல் கனடா நாடாளுமன்றக் குழுமுன் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு எதிராகச் சான்றுரைத்ததையும், வழக்குகளால் வெளிவந்த அந்நிறுவனங்களின் ஆவணங்கள் காட்டுகின்றன.

தியானத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் பணி இந்தியாவிலேயே தொடங்கியிருந்தது. சுவாமி குவலயானந்தா 1924 இல் லோனாவாலாவில் யோக ஆய்வுக்கென நிறுவனமும் இதழும் தொடங்கினார். 1961 இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி.கே. ஆனந்தும் அவர் குழுவினரும் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து வெளியிட்டனர். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன், ஆழ்நிலைத் தியானம் செய்வோரின் உயிர்வளிப் பயன்பாடும் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் குறைவதை அளந்து, 1975 இல் ஒரு நூல் எழுதினார். ஆபத்தில் உடல் விறைத்துக்கொள்வதற்கு நேரெதிரான தளர்வு நிலை ஒன்றும் உடலிலேயே இருக்கிறது என்பதும், ஒரு சொல்லையோ மூச்சையோ பற்றி நாள்தோறும் பத்து முதல் இருபது நிமிடம் அமைதியாக அமர்ந்தால் அதை எழுப்பலாம் என்பதும் அவர் முடிவு. பயிலரங்கங்களில் நாம் கேட்கும் அந்த ‘இருபது நிமிடம்’ வந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

இரு தடங்களும் சேர்ந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 1970-களின் தொடக்கத்தில் புத்தகயாவில் கோயங்காவிடமும் பிற ஆசிரியர்களிடமும் கற்ற அமெரிக்க இளைஞர்கள் சிலர், அம்மாநிலத்துப் பாரி என்ற சிற்றூரில் ஒரு தியான மையத்தை அமைத்தனர். 1979 இல் அங்கே ஒரு முகாமில் இருந்தவர் ஜான் கபாட்-ஜின் என்ற மூலக்கூற்று உயிரியலாளர். இதை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் என்ன என்ற எண்ணம் அங்குத் தோன்றியதாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவ்வாண்டே வூஸ்டர் நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருத்துவர்கள் கைவிரித்த நாட்பட்ட வலிநோயாளிகளுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். பௌத்தச் சொற்கள் இல்லை. உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைச் செலுத்தும் பயிற்சி, ஊ பா கின் மரபிலிருந்து வந்தது. வகுப்புக்கு அவர் இட்ட பெயரில்தான் ‘ஸ்ட்ரெஸ் குறைப்பு’ என்ற தொடர் இடம்பெற்றது.

இங்கே சற்று நிற்போம். வலிக்காக வந்தவரை 1955 இல் ரங்கூனில் திருப்பி அனுப்பினார்கள். 1979 இல் வூஸ்டரில் வலிக்காக வந்தவருக்கே கதவைத் திறந்தார்கள். ஒரு தலைமுறைக்குள், பயிற்சியின் பக்க விளைவாக இருந்தது அதன் பெயராகவே மாறிவிட்டது. இதை வீழ்ச்சி என்று சொல்ல நான் தயாராக இல்லை. தீராத முதுகுவலியோடு வந்தவரை, உம் நோக்கம் தூயதன்று என்று திருப்பி அனுப்புவது எனக்கு உவப்பானதன்று. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. கணக்காயர் அலுவலகத்தில் ஒரே கையில் இருந்த இரண்டு பொறுப்புகள் பிரிந்தன. மருத்துவமனையில் இருப்பவர் நோயாளி. அவருடைய வேலையிடம் அங்கே இல்லை. அங்கிருந்து இப்பயிற்சி நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனபோது, நோயாளி என்ற அந்தப் பார்வையும் கூடவே சென்றது. ஊழியரும் மாணவரும் சரிசெய்யப்பட வேண்டிய உடல்களானார்கள். அழுத்துவது எது என்ற கேள்வி வெளியேறியது இங்கேதான் என்பது என் கருத்து.

6

பயன் உண்டா இல்லையா என்ற வினாவை விட்டுவிட முடியாது. 2014 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில், 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைக் குறைப்பதில் தியானப் பயிற்சிகளுக்கு நடுத்தர வலுவுள்ள சான்று உண்டு என்றது அது. ஸ்ட்ரெஸ் குறைவதற்கான சான்றோ வலுக் குறைந்ததாகவே இருந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்றில்லை. 2022 இல் பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, எல்லா மாணவருக்கும் வகுப்பில் இதைக் கற்பிப்பதால் வழக்கமான கல்வியைவிடக் கூடுதல் பயன் விளையவில்லை என்றது.

ஆகவே தியானம் சர்வரோக நிவாரணியன்று. வெறும் ஏமாற்றும் அன்று. தானே விரும்பி, தொடர்ந்து செய்பவருக்கு ஓரளவு உறுதியான துணை. மேலிருந்து ஆணையிட்டு எல்லோர்க்கும் ஊட்டினால் அந்த ஓரளவும் கரைந்துவிடக்கூடும்.

ஐக்கிய நாடுகள் அவை 2024 இல் டிசம்பர் 21 ஆம் நாளை உலகத் தியான நாளாக அறிவித்தது. நம் கல்வி நிலையங்களில் இனி ஆண்டுதோறும் அந்நாள் கொண்டாடப்படலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. அன்று மேடையேறும் நிர்வாகிகளிடம், ஊ பா கின்னின் அலுவலகத்தைப் பற்றி யாரேனும் எடுத்துச் சொன்னால் நல்லது.

7

தொடக்கத்தில் விட்ட சொல்லுக்கு வருகிறேன். அமர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: மூச்சைக் கவனிக்கத் தொடங்கிய அரை நிமிடத்தில் மனம் நெறியாளரின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். அங்கிருந்து அடுத்த அத்தியாயத்துக்கு, அங்கிருந்து வீட்டுக் கடனுக்கு. பிறகு எப்போதோ, நாம் அமர்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும். அந்த நினைவு வருதலே சதி. மனம் அலையாமல் இருப்பதன்று பயிற்சி. அலைந்தது நினைவுக்கு வருவதும், சலிக்காமல் திரும்புவதுமே பயிற்சி. இதை நாள்தோறும் செய்வதால் என் பணிச்சுமை குறையவில்லை. ஆனால் சுமை எது, சுமையைப் பற்றி நானே கட்டிக்கொண்ட கதை எது என்று பிரித்தறியச் சற்று இடைவெளி கிடைக்கிறது. காலையில் இருபது நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம். இதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த இடைவெளியில் தெரிவது எப்போதும் அமைதி மட்டுமன்று. சில நாள்களில், இது என் மனத்தின் கோளாறன்று, வெளியே சரிசெய்ய வேண்டிய ஒன்று என்பதும் தெளிவாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டும் கண்ணை மூடியே இருப்பது நினைவு தப்புவதற்கு ஒப்பாகும். சில வாரங்கள் தொடர்ந்து உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமற்றுப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை அழுத்தம் என்ற பொதுப்பெயரில் போர்த்தி வைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தியானம் அதற்குப் பதிலாகாது.

பயிலரங்கம் முடிந்த மறுநாள், அந்த மாணவியும் நாங்கள் சிலரும் சேர்ந்து, நிலுவையில் உள்ள உதவித்தொகை விவரங்களை மாதவாரியாகப் பட்டியலிட்டு நிர்வாகத்திடம் மனு அளித்தோம். கையொப்பமிட்டவர்கள் நாற்பத்து மூவர். இதுவரை இரண்டு மாதத் தொகை வந்திருக்கிறது. மூன்று மாதத் தொகை வர வேண்டும். மனுவின் கணக்கைச் சரிபார்க்க அன்று மாலை விடுதி அறையில் கூடினோம். தொடங்குமுன் பத்து நிமிடம் அமைதியாக அமரலாமா என்று கேட்டவர் அந்த மாணவிதான். அமர்ந்தோம். பிறகு பட்டியலை எடுத்தோம்.